வேட்டைக்காட்டில் எமது பாலைமரங்கள்

வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியால் வடக்கு நோக்கிச் செல்பவர்கள் புளியங்குளம் சந்தியைக் கடக்க வேண்டும். அங்கிருந்து கிழக்கே பிரியும் வீதி நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் ஊடாக முல்லைத்தீவைச் சென்றடைகின்றது. இருமருங்கிலும் வயல்களும் சிறு குளங்களும் உள்ளன. அவற்றுக்குப் பின்னால் காடு நிற்கின்றது. வைகாசி பிறந்து ஆடி முடியும்வரை இவ்வாறான வன்னி வீதிகளின் ஓரத்தில் பெண்கள் கடகங்களுடன் அமர்ந்திருப்பதைக் காணலாம். கடகம் நிறைய மஞ்சள் நிறத்தில் சின்னஞ்சிறு பழங்கள் இருக்கும். சுண்டால் அளந்து விற்பார்கள். யூலை மாத மடுத் திருவிழாவுக்குப் போய் வருகின்றவர்கள் பாலைப்பழம் வாங்காமல் வீடு திரும்புவதில்லை.

பழத்தை வாங்குபவர்கள் அதன் இனிப்பையும் உதட்டில் ஒட்டும் பாலையும் பற்றிப் பேசுவார்கள். அது எந்தக் காட்டிலிருந்து, யாருடைய உழைப்பால் வந்தது என்று கேட்பவர்கள் குறைவு.

பெண் தலைமை தாங்கும் குடும்பங்களின் வாழ்வாதாரம் தொடர்பான பணிக்காக இப்பகுதிக் கிராமங்களுக்கு நான் சென்று வருகின்றேன். “உங்கள் வருமானம் என்ன?” என்று படிவத்தில் ஒரு கேள்வி இருக்கும். கூலிவேலை, வயல், ஆடு, கோழி, தையல் என்று பதில் வரும். காடு என்று எவரும் சொல்வதில்லை. ஆனால் பழக்காலம் வந்ததும் அதே பெண்கள் விடியற்காலையில் உரப்பையுடன் காட்டுக்குப் போகின்றார்கள். பிள்ளையின் சப்பாத்து, கடைக்கடன், சீட்டுக்காசு என்று அப்பணத்துக்குப் பல வேலைகள் காத்திருக்கின்றன. படிவத்தில் இடம்பெறாத இந்த வருமானத்தைப் பற்றி அறிவதற்காகவே ஓர் ஆனி மாதத்தில் நெடுங்கேணிப் பக்கத்துக் கிராமமொன்றின் பெண்களுடன் காட்டுக்குச் சென்றேன். அவர்களுடைய விருப்பத்தின்படி ஊரின் பெயரை இங்கு குறிப்பிடவில்லை.

வேட்டைக்காடு என்று ஏன் பெயர்?

அந்த ஊரின் குளக்கட்டுக்கு அப்பால் உள்ள காட்டை முதியவர்கள் இன்றும் “வேட்டைக்காடு” என்றே அழைக்கின்றார்கள். வன்னிக்கு இது புதிய பெயரல்ல. வன்னியை ஆண்ட சிற்றரசர்கள் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயருக்கும் பின்னர் ஒல்லாந்தருக்கும் திறையாகக் கொடுத்தது யானைகளையே. காட்டில் பிடிக்கப்பட்ட யானைகள் குடாநாட்டுக்குக் கொண்டு செல்லப்பட்ட வழிதான் ஆனையிறவு என்று பெயர் பெற்றது. ஆங்கிலேயர் காலத்தில் வேட்டை ஒரு பொழுதுபோக்காக மாறியது. மிருகங்கள் அருகிப் போவதைக் கண்டு, 1894 ஆம் ஆண்டில் வேட்டையாடியவர்களே முன்னின்று மிருகங்களைப் பாதுகாக்க ஒரு சங்கத்தை அமைத்தார்கள். 1937 இல் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் வந்தது. வேட்டைக்குப் பெயர்போன யால, வில்பத்து ஆகிய காடுகள் 1938 இல் தேசிய பூங்காக்களாயின. மானையும் மரையையும் வேட்டையாடுவது இன்று சட்டப்படி குற்றமாகும்.

கிராமத்தவர்களின் வேட்டை இதிலிருந்து வேறுபட்டது. இடியன் துவக்குடன் சென்று சட்டிக்கு இறைச்சி கொண்டு வருவதே அவர்களுடைய நோக்கமாக இருந்தது. அந்த வேட்டைக்காரர்களுக்கு மிருகங்களைவிட முதலில் தெரிந்திருக்க வேண்டியவை மரங்கள். எந்தப் பாலை முதலில் பழுக்கும், எந்த வீரையின் கீழ் பன்றி வரும், எந்த நாவல் நீருக்கு அருகில் நிற்கின்றது என்ற கணக்கு அவர்கள் மனதில் இருந்தது. கரடி பாலைமரத்தில் ஏறிப் பழம் தின்னும். குரங்கும் பறவைகளும் கொப்பை உலுக்கும். கீழே உதிரும் பழத்தைத் தேடி மானும் மரையும் பன்றியும் வரும். வேட்டைக்காரர் அருகிலுள்ள மரத்தில் பரண் கட்டிக் காத்திருப்பார்.

எங்களுடன் வந்த முதிய தாய் ஒருவரின் கணவரும் அவ்வாறான வேட்டைக்காரர். எல்லோரும் அவரை அம்மம்மா என்றே அழைத்தார்கள். அவர் சொன்னார்: “இவர் துவக்கெடுத்துக்கொண்டு போற மனிசன்தான். ஆனா பழமரத்தில கோடாலி வைக்க விடமாட்டார், பிள்ளை. மரம் போனா மிருகமும் போயிடும் எண்டு சொல்லுவார். அது அந்தக்காலத்துச் சட்டம்.”

எழுதப்படாத இந்தச் சட்டம் பழமரங்களை நெடுங்காலம் காத்தது. அதன் நோக்கம் வேட்டையாக இருந்தாலும் அதனால் மரம் பிழைத்தது.

அறிந்தவர்கள் இல்லாத காடு

யுத்தம் இந்தச் சங்கிலியை அறுத்துவிட்டது. இடப்பெயர்வுகள், 2008, 2009 ஆம் ஆண்டுகளின் இறுதி யுத்தம், பின்னர் மெனிக்பாம் முகாம் வாழ்க்கை என்று காலம் கழிந்தது. 2010 அளவில் தொடங்கி மக்கள் கட்டம் கட்டமாக ஊர் திரும்பினார்கள். 2012 செப்டெம்பரில் முகாம் மூடப்பட்டது. ஊர் திரும்பிய குடும்பங்கள் பலவற்றில் காட்டை அறிந்த ஆண்கள் இல்லை. சிலர் இறந்துவிட்டார்கள். சிலருக்கு என்ன நடந்தது என்று இன்னும் தெரியாது. முகாம்களில் வளர்ந்த பிள்ளைகளுக்குத் தறப்பாள் கொட்டிலின் வெக்கை தெரியும், பாலையின் நிழல் தெரியாது.

காடு ஆண்களின் இடம், வீடும் வளவும் பெண்களின் இடம் என்று எமது சமூகம் பிரித்து வைத்திருந்தது. உண்மையில் விறகு, மூலிகை, தேன், பழம் என்று பெண்களும் எப்போதும் காட்டுக்குப் போய் வந்தவர்களே. ஆயினும் தூரத்துக் காட்டின் அறிவு ஆண்களிடமே இருந்தது. அவர்கள் இல்லாத இன்று, பழம் பொறுக்கப் போகும் பெண்ணே அந்த அறிவைத் தாங்க வேண்டியவளாக இருக்கின்றாள். அவள் அதைக் கற்றுக்கொள்ளாவிட்டால் மரங்களைப் பற்றிச் சொல்லிக் கொடுக்க ஊரில் ஒருவரும் இருக்கமாட்டார்கள்.

எது பாலை, எது பாலையல்ல

பாலை என்ற பெயருடன் பல மரங்கள் உள்ளன. வெட்டினால் அல்லது கிள்ளினால் பால் வடிவதால் இந்தப் பெயர் வந்தது. வெட்பாலை, ஏழிலைப்பாலை, குடசப்பாலை என்பவற்றிலும் பால் வடியும். ஆனால் அவற்றின் காய்கள் நீண்ட நெற்றுக்களாக இருக்கும், உண்பதற்கு உரியவையல்ல. ஏழிலைப்பாலையில் ஒரே இடத்திலிருந்து பல இலைகள் வட்டமாக விரியும். வெட்பாலையில் இலைகள் ஒன்றுக்கொன்று எதிரே சோடியாக நிற்கும். ஆகவே பாலைக் கண்டு மட்டும் மரத்தைத் தீர்மானிக்கக்கூடாது.

நாம் தேடும் பழப்பாலையின் இலை தடிப்பானது. மேற்புறம் கரும்பச்சையாக மினுங்கும். அடிப்பக்கம் ஒடுங்கி, நுனிப்பக்கம் அகன்றிருக்கும். நுனியில் சிறிதாக உள்வாங்கிய ஒரு வெட்டு இருக்கும். இதுவே நல்ல அடையாளம். இலைகள் சிறு கொப்பின் நுனியில் கொத்தாகச் சேர்ந்திருக்கும். முதிர்ந்த மரத்தின் பட்டை கறுத்து, ஆழமாக வெடித்து, முதலையின் தோலைப் போலத் தெரியும். கோடையிலும் மரம் பச்சையாகவே நிற்கும். பழம் ஏறக்குறைய ஒரு சென்ரிமீற்றர் முதல் ஒன்றரைச் சென்ரிமீற்றர் நீளமானது, வேப்பம்பழத்தின் உருவம். உள்ளே பெரும்பாலும் ஒரு விதைதான் இருக்கும். அது கபில நிறமாகவும் வழுவழுப்பாகவும் இருக்கும்.

வீரையில் பால் இல்லை. அதன் அடிமரம் உருண்டையாக இராது. பள்ளமும் மேடுமாக, பல மரங்களைச் சேர்த்துக் கட்டியதுபோல இருக்கும். பட்டை வெளிறிய நிறம். பழம் சிறியது, உருண்டையானது, பழுத்தால் சிவக்கும். வீரையைப் பற்றி முக்கியமாக அறிய வேண்டியது ஒன்றுண்டு. அதில் ஆண்மரம் வேறு, பெண்மரம் வேறு. பெண்மரமே காய்க்கும். ஆனால் அருகில் ஆண்மரம் இல்லாவிட்டால் பெண்மரமும் நன்றாகக் காய்க்காது. காய்க்காத வீரையைச் சிலர் “மலட்டு மரம்” என்று சொல்லி விறகுக்குத் தறிக்கின்றார்கள். எங்களுடன் வந்த ஓர் அக்கா அதைக் கேட்டுச் சிரித்தார். “மனிசருக்குச் சொல்லுறதையே மரத்துக்கும் சொல்லுறாங்கள்” என்றார். அந்தச் சிரிப்பில் இருந்த கசப்பு அங்கிருந்த பலருக்கும் விளங்கியது.

இவற்றைவிடக் குளக்கரையிலும் ஆற்றோரத்திலும் நாவல், வெளியான இடங்களில் விளா, இலந்தை, பற்றைகளில் சூரை, கிளா, காரை, மணற்பாங்கான இடங்களில் ஈச்சு என்று வன்னிக்காட்டில் பழங்கள் பல உள்ளன. எமது முன்னோர் ஊர்களுக்கே இம்மரங்களின் பெயர்களை வைத்தார்கள். முல்லைத்தீவில் பாலைப்பாணி, மன்னாரில் பாலைக்குழி, திருகோணமலையில் பாலையூற்று, யாழ்ப்பாணத்தில் நாவற்குழி என்று அவை இன்றும் வழங்குகின்றன.

ஒரு கொப்பின் விலை

நாங்கள் போன பாதையில் முதலாவது பெரிய பாலை நின்ற இடத்தில் எல்லோரும் நின்றுவிட்டோம். மரத்தின் கீழ்க்கொப்புக்கள் ஒன்றும் இல்லை. கத்தியால் வெட்டிய அடையாளங்கள் மட்டும் இருந்தன. தரையில் காய்ந்த கொப்புக்கள் குவிந்து கிடந்தன. அவற்றில் பழுக்காத காய்களும் கருகிக் கிடந்தன. வெளியிடங்களிலிருந்து வாகனத்தில் வருபவர்கள் விரைவாகப் பழம் எடுப்பதற்காகக் கொப்புக்களையே வெட்டி விழுத்துகின்றார்கள் என்று பெண்கள் கூறினார்கள். “அவங்களைச் சொல்லிப்போட்டு நாங்களும் வெட்டுறம்தானே” என்று ஓர் இளம்பெண் சொன்னதும் சிறிது நேரம் பேச்சு இல்லை.

அம்மம்மா ஒரு வெட்டுக்காயத்தைத் தடவிப் பார்த்தார். “பாலை கெதியா வளராது, பிள்ளை. வெட்டின கொப்பு திரும்பி வந்து பழம் தர எத்தனை வரியம் போகும். அதுக்குள்ள உன்ர பிள்ளை கலியாணம் முடிச்சிடும்” என்றார்.

பாலை மிக மெதுவாக வளரும் மரம். அதனால்தான் அதன் வைரம் அவ்வளவு கடினமானது. காய்ந்த பாலைக்கட்டை நீரில் போட்டாலும் தாழும். உலக்கைக்கும் செக்குக்கும் வீட்டுத் தூணுக்கும் ரயில் பாதையின் சிலிப்பர் கட்டைக்கும் அதைத் தேடியதற்குக் காரணம் இதுவே. யுத்தகாலத்தில் பதுங்குகுழிகளுக்கும் காட்டுமரங்கள் தறிக்கப்பட்டன. இன்று களவாக மரம் அரிபவர்களின் கண்ணும் பாலையின் மீது உண்டு. ஒரு மரத்தை ஒருமுறை விற்றால் ஒருமுறைதான் பணம். அதுவும் வெட்டியவருக்கே போகும். அதே மரம் நின்றால் அந்த ஊரின் பல தலைமுறைப் பெண்களுக்குப் பழம் கொடுக்கும். எல்லா ஆண்டிலும் பாலை ஒரே அளவில் காய்ப்பதில்லை என்பதனையும் நினைவில் கொள்ள வேண்டும். காய்ப்புக் குறைந்த ஆண்டில் கொப்பையும் வெட்டினால், நல்ல ஆண்டு வரும்போது காய்ப்பதற்கு மரத்தில் கொப்பு இராது.

கொப்பு வெட்டாமல் பழம் எடுக்க முடியாதா? முடியும் என்பதை அன்று கண்டோம். ஒரு தங்கச்சி தனது வீட்டில் மடித்து வைத்திருந்த பழைய தறப்பாளைக் கொண்டு வந்திருந்தார். முகாமில் கூரையாக இருந்த தறப்பாள் அது. அதை மரத்தின் கீழ் விரித்து, கொக்கத்தடியால் கொப்பை மெதுவாக உலுக்கியபோது கனிந்த பழங்கள் மட்டும் உதிர்ந்தன. காய்கள் மரத்திலேயே இருந்தன. மண் படாததால் பழத்தைக் கழுவவும் வேண்டியிருக்கவில்லை. மூன்று நாளின் பின் அதே மரத்துக்குத் திரும்பவும் வரலாம் என்று அவர்கள் பேசிக்கொண்டார்கள். வெட்டி எடுத்தால் ஒருநாள் பழம், உலுக்கி எடுத்தால் மாதம் முழுவதும் பழம். இந்தக் கணக்கு எந்தப் படிவமும் இல்லாமல் எல்லோருக்கும் விளங்கியது.

நடுவதைவிடக் காப்பது மேல்

மரம் நடுதல் என்றதும் நாம் கன்றுகளை வாங்கி, குழி தோண்டி, படம் எடுப்பதை நினைக்கின்றோம். பாலையைப் பொறுத்தவரை அதைவிடப் பயனுள்ள வேலை ஒன்று உண்டு. ஏற்கெனவே தானாக முளைத்து நிற்கும் கன்றுகளைக் கண்டுபிடித்துக் காப்பாற்றுவதே அது. முழங்கால் உயரமான ஒரு காட்டுக்கன்று பல கோடைகளைத் தாண்டி வந்திருக்கும். அதன் வேர் ஆழத்தில் இருக்கும். புதிதாக நாம் நடும் கன்று அந்த இடத்துக்கு வரவே பல ஆண்டுகள் செல்லும்.

கரடி, குரங்கு, பறவைகள் பழத்தைத் தின்று விதையை வெவ்வேறு இடங்களில் போடுகின்றன. ஆகவே தாய்மரத்தின் கீழ் மட்டுமல்ல, வயல் வரம்பிலும் குளக்கட்டின் அருகிலும் எமது வளவின் வேலியோரத்திலும் கன்றுகள் நிற்கலாம். துப்புரவாக்கும்போது பற்றையோடு பற்றையாக அவற்றை நாமே வெட்டி எரித்துவிடுகின்றோம். மீள்குடியேறியவர்களின் காணிகள் பல ஆண்டுகள் பற்றை மண்டிக் கிடந்தவை. அக்காணிகளில் இவ்வாறான கன்றுகள் நின்றால் அது பெரிய முதுசம். உங்கள் சொந்தக் காணியில் அவற்றுக்காகச் செய்யக்கூடியவை பின்வருமாறு:

முதலில், பழக்காலம் முடிவதற்குள் காணியைச் சுற்றி நடந்து பாலை, வீரை, நாவல், விளா ஆகியவற்றை இனங்காணுங்கள். ஊரில் அறிந்த முதியவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு துணித்துண்டைக் கட்டிவிடுங்கள். காய்த்து நிற்கும்போதே வீரையின் பெண்மரத்தையும் அடையாளமிட்டு, அருகிலுள்ள ஆண்மரங்களில் சிலவற்றையும் விட்டுவையுங்கள்.

இரண்டாவதாக, கன்றைச் சுற்றி ஒரு பாகத் தூரத்துக்குப் புல்லையும் கொடியையும் அகற்றுங்கள். கொடி ஏறினால் கன்றின் குருத்து மடிந்துவிடும். மேலே கவிந்து நிற்கும் பற்றையில் ஒரு பக்கத்தை மட்டும் வெட்டி வெளிச்சம் விடுங்கள். நிழலில் வளர்ந்த கன்றை ஒரேயடியாக வெய்யிலில் நிறுத்தக்கூடாது. ஒரு இடத்தில் நாலைந்து கன்றுகள் நெருங்கி நின்றால் திடமான ஒன்றிரண்டை விட்டு மற்றவற்றை அகற்றலாம்.

மூன்றாவதாக, ஆட்டுக்கும் மாட்டுக்கும் எட்டாதபடி முள் அடையுங்கள். இலந்தை முள்ளும் சூரை முள்ளும் இதற்குப் போதும். காசு கொடுத்துக் கம்பி வாங்க வேண்டியதில்லை.

நான்காவதாக, நெருப்பு. காணி துப்புரவாக்கி எரிக்கும்போது கன்றைச் சுற்றியுள்ள சருகைக் கூட்டி அகற்றுங்கள். சருகைப் பின்னர் கொண்டு வந்து அடியில் பரப்பினால் கோடையில் மண் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். ஆவணி, புரட்டாதியில் கிணற்றடி நீரில் ஒரு வாளி ஊற்றினால் போதும்.

விதையிலிருந்து கன்று வளர்க்க விரும்புபவர்கள் புதிய விதையையே பயன்படுத்த வேண்டும். பழச்சதையை நீக்கிக் கழுவி, உடனடியாகப் பையில் இட்டு, மாரி மழை பிடித்த பின் நடலாம். வளர்ச்சி மெதுவாகவே இருக்கும் என்பதால் பொறுமை தேவை. இந்தியாவில் சப்போட்டா ஒட்டுக்கன்று தயாரிப்பவர்கள் பாலைக்கன்றையே அடிக்கன்றாகப் பயன்படுத்துகின்றார்கள். சப்போட்டாவும் பாலையும் ஒரே குடும்பத்து மரங்கள், இலுப்பையும் மகிழும்கூட அக்குடும்பமே. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்கள் விவசாயப் போதனாசிரியரின் உதவியுடன் இதைக் கற்றுக்கொண்டால், பாலைக்கன்று வளர்ப்பதே ஒரு தொழிலாக அமையலாம்.

போகும் வழியில் கவனம்

காட்டுக்குப் போகும் சகோதரிகள் சில விடயங்களில் மிகுந்த எச்சரிக்கையுடன் இருக்க வேண்டும்.

பாலை பழுக்கும் காலமே கரடி பாலைமரத்தைத் தேடும் காலம். யாலவில் கரடி பார்க்கப் போகின்றவர்கள் யூன், யூலை மாதங்களைத் தெரிவு செய்வதும் இதனாலேயே. கரடி தானாகத் தேடி வந்து மனிதரைத் தின்பதில்லை. ஆனால் திடீரெனக் கிட்ட எதிர்ப்பட்டால் பயத்தில் பாய்ந்து முகத்தைக் கிழித்துவிடும். எனவே தனியே போகாதீர்கள். பேசிக்கொண்டும் தடியால் தட்டிக்கொண்டும் செல்லுங்கள். வெயில் ஏறிய பின் போய், வெயில் சாய முன் திரும்புங்கள். மரத்தடியில் விதை நிறைந்த எச்சம் ஈரமாகக் கிடந்தாலோ, பட்டையில் புதிய நகக்கீறல் இருந்தாலோ அந்த மரத்தை அன்று விட்டுவிடுங்கள்.

களவாக வேட்டையாடுபவர்கள் இன்றும் இருக்கின்றார்கள். மிருகங்கள் பழமரத்தடிக்கு வரும் என்பது அவர்களுக்கும் தெரியும். சுருக்குத் தடம், கட்டுத்துவக்கு, பன்றிவெடி என்பன வைக்கப்படும் இடமும் அதுவே. மிருகப் பாதையில் குறுக்கே கம்பியோ நூலோ தெரிந்தால் தொடாதீர்கள். உருண்டையாகச் சுற்றிய எந்தப் பொருளையும் பிள்ளைகள் எடுக்க விடாதீர்கள்.

கண்ணிவெடி அபாயமும் எல்லா இடங்களிலும் முற்றாக நீங்கிவிடவில்லை. கண்ணிவெடித் தடை ஒப்பந்தத்தில் இலங்கை 2017 டிசெம்பரில் இணைந்தது. அகற்றும் பணியில் எமது பெண்கள் பலரும் ஈடுபட்டு வந்துள்ளார்கள். மண்டையோடு வரைந்த சிவப்புப் பலகையைத் தாண்டி எவ்வளவு பழம் தெரிந்தாலும் கால் வைக்கக்கூடாது. ஊரவர் வழமையாக நடக்கும் பாதையை விட்டு விலகாதீர்கள். சந்தேகமான பொருளைக் கண்டால் வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசுக்கோ அறிவியுங்கள்.

சட்டத்தையும் அறிந்திருத்தல் அவசியம். தேசிய பூங்காக்கள், சரணாலயங்கள், ஒதுக்கக்காடுகள் என்பவற்றுக்கு வெவ்வேறு விதிகள் உண்டு. எமது ஊருக்குப் பின்னாலுள்ள காடு எந்த வகையைச் சேர்ந்தது, எல்லைக்கல் எங்கே நிற்கின்றது என்பதைக் கிராம அலுவலரிடமும் வன அலுவலகத்திலும் கேட்டறியுங்கள். தனியாகக் கேட்பதைவிடச் சங்கமாக எழுத்தில் கேட்பது நல்லது. நீண்டகாலம் இடம்பெயர்ந்திருந்ததால் காடாகிப்போன காணிகளின் எல்லை குறித்துப் பல ஊர்களில் பிணக்குகள் ஏற்பட்டுள்ளன. அவ்வாறான இடங்களில் துப்புரவு செய்வதற்கு முன் காணிப்பத்திரங்களைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சொந்தக் காணியில் நிற்கும் பாலையாக இருந்தாலும் அதை வெட்டவோ ஏற்றவோ முன்னர் அனுமதி பற்றி விசாரிப்பது பாதுகாப்பானது.

பழம் பாணியாகும்போது

பாலைப்பழம் நெடுநேரம் தாங்காது. மாலையில் விற்பனையாகாத பழம் மறுநாள் புளிக்கத் தொடங்கும். வீதியோரத்தில் விலையைக் குறைக்கச் சொல்லிக் கேட்பவர்களிடம் பெண்கள் விட்டுக்கொடுப்பதற்குக் காரணமும் இதுவே. முன்னர் இந்த மிச்சப்பழம் வீணாவதில்லை. அது பாலைப்பாணியாகியது.

அம்மம்மா சொன்ன முறை இது. நன்கு கனிந்த பழங்களைக் கழுவி, சிறிது நீர் விட்டுக் கையால் பிசைய வேண்டும். விதையும் தோலும் நீங்கும்படி வெள்ளைத் துணியில் இரண்டு தடவை வடிக்க வேண்டும். வடித்த சாற்றை அடி தடித்த சட்டியில் ஊற்றி, சிறு நெருப்பில் துழாவிக்கொண்டே காய்ச்ச வேண்டும். மேலே திரளும் பால் நுரையை அகப்பையால் எடுத்துவிட வேண்டும். அதை விட்டால் பாணி ஒட்டும். தேன்போல இறுகி, கரண்டியில் நூல் இழுக்கும் பதத்தில் இறக்கி ஆறவிட்டு, ஈரமில்லாத போத்தலில் அடைக்க வேண்டும். சீனி சேர்ப்பதில்லை. பழத்தைத் தனியே வெய்யிலில் காயவைத்தும் எடுக்கலாம்.

“பஞ்சம் வந்த வரியம் குரக்கன் பிட்டோட இதைத்தான் பிள்ளையளுக்குக் குடுத்தனாங்கள்” என்றார் அம்மம்மா. அன்று மாலை அவருடைய வீட்டு முற்றத்தில் நாலைந்து பெண்கள் கூடி ஒரு சட்டி பாணி காய்ச்சினார்கள். அவர்களில் இருவர் பதத்தைக் கையில் தொட்டுப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார்கள். பழத்தை மட்டும் விற்றால் அன்றைய விலைக்கு விற்க வேண்டும். பாணியாக்கினால் விலையை நாமே சொல்லலாம் என்று அவர்கள் பேசிக்கொண்டது மகிழ்ச்சியைத் தந்தது.

சகோதரிகளே, வேட்டைக்காரர் பாலைமரத்தைப் பார்த்தபோது அதன் கீழ் வரும் மானைக் கண்டார். மரக்கள்ளர் பார்க்கும்போது பலகையைக் காண்கின்றார். எமக்கு அது பிள்ளையின் கொப்பியும், கடனில்லாத ஒரு மாதமும், எமக்குப் பின் வருபவர்களின் நிழலும் ஆகும். அதனை அவ்வாறு பார்க்கத் தெரிந்தவர்கள் நாமே என்பதால் காக்கும் பொறுப்பும் எம்மையே சேருகின்றது.

இந்தப் பழக்காலத்தில் உங்கள் சங்கக் கூட்டத்தில் மூன்று விடயங்களைத் தீர்மானியுங்கள். கொப்பு வெட்டுவதில்லை. ஒவ்வொருவரும் தமது காணியில் குறைந்தது இரண்டு கன்றுகளுக்கு முள் அடைப்பது. காட்டை அறிந்த ஒரு முதியவரை அழைத்து, பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்ட பெண்பிள்ளைகளுக்கு மரங்களை இனங்காட்டுவது. இதற்கு நிதியுதவி எதுவும் தேவையில்லை. அந்த முதியவர்கள் எம்முடன் இருக்கும்போதே செய்துவிட வேண்டும்.